தலைப்பில் இருந்த பெயர்

நாலாவது முறையும் சேமிக்க முடியவில்லை என்றே வந்தது. ரேணுகா மடிக்கணினியை ஜன்னலோரம் நகர்த்திவிட்டு, கோவையில் தன்னோடு ஆராய்ச்சி செய்யும் சுரேந்திரனைப் போனில் அழைத்தாள். இணையத்தில் படிப்பதை ஒரே சொடுக்கில் மேற்கோள் பட்டியலில் சேர்த்துவிடும் அந்த எக்ஸ்டென்ஷனைப் போடச் சொன்னதே அவன்தான்.

"பிரவுசர்ல போட்டா மட்டும் பத்தாதுங்க. மெயின் சாப்ட்வேரையும் தொறந்து வெச்சிருக்கோணும்."

திறந்தாள். சேர்ந்துகொண்டது. ஆனால் தலைப்புக் கட்டத்தில் புள்ளியும் கோடுமாக ஏதோ கிறுக்கல்.

"பழைய பேப்பர் சைட்டுங்களா? அப்பெல்லாம் ஆளுக்கொரு எழுத்துரு. நீங்களே பாத்து டைப் பண்ணிருங்க. பேப்பர்ல இருக்கறபடியே இருக்கோணும், ஒரு எழுத்து மாறக்கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டான்.

தேயிலை விலை விழுந்த வருடங்களைப் பற்றியது அவள் ஆய்வு. அவள் அப்பா அம்மா வேலை செய்த தோட்டத்து ஃபேக்டரியை மூடியபோது அவளுக்கு ஒன்பது வயது. அதன்பிறகு தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் வீட்டுக்கு ஒருவராக ஜீப்பில் ஏறி, தொலைவில் கேரட் பிடுங்கப் போனார்கள். ஒருநாள் ஜீப் கவிழ்ந்தது. அதில் அம்மா இருந்தாள். அந்தச் செய்திதான் இப்போது திரையில். நூறு செய்திகளோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

'ஜீப் கவிழ்ந்து காந்திமதி உட்பட இருவர் பலி' என்று அடித்து முடித்தபோது, பிளேன்டீயோடு வந்த அப்பா பழனியாண்டி பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"காந்திமதி யாரு புள்ள?"

"அம்மாதாம்ப்பா. தப்பாப் போட்டிருக்காங்க."

"காத்தாயின்னு மாத்து."

"மாத்தக்கூடாதுப்பா. வேணும்னா கீழ குறிப்புல எழுதலாம். சொல்லுங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார். "காத்தாயி. பொறந்தது சிலோன்ல, அட்டன் பக்கத்து தோட்டம். கப்பல் ஏறி வரையில பதினாலு வயசு." அவள் அடித்துக்கொண்டே வந்தாள். அவர் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு ஜீப்புல போகவேண்டியது நானு."

"என்னாப்பா சொல்றீங்க?"

"காச்சல்னு படுத்துக்கிட்டேன். காச்சல் ஒண்ணும் இல்ல புள்ள. தராசுல கொழுந்து நிறுத்த கங்காணி, கேரட் புடுங்கப் போறதான்னு வெக்கமா இருந்துச்சு. அவ எனக்குக் கசாயம் வச்சுக் குடுத்துட்டுப் போனா."

அந்தக் கசாயத்தின் மிளகு வாசனை ரேணுகாவுக்கு நினைவிருந்தது. தனக்கும் ஒரு வாய் வேண்டுமென்று அழுதிருக்கிறாள். அம்மா சிரித்தபடி விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அதையும் எழுதிக்க" என்றார் அப்பா.

'காய்ச்சல்' என்று அடித்தாள். அதற்குமேல் விரல் நகரவில்லை. திரும்பி அவரைப் பார்க்கவும் முடியவில்லை. அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து வெளியே போகும் சத்தம் கேட்டது.

லயத்துக்குப் பின்னால், கவாத்து செய்ய ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் மரமாகி, வெள்ளைப் பூ பூத்து நின்றன. அவற்றுக்குள் நடந்துபோன அப்பாவின் தலை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு கிளைகள் மட்டும் அசைந்தன.