எதிர்த்தவன் கையெழுத்து

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. பிறகு யாராவது கண்டுபிடித்து மானம் போவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது மேல். தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைபடக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற ஜ்யோத்ஸ்னா என்ற பெண் தன் தோழியிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டேன். கேட்டு முடித்ததும் வெட்கமில்லாமல், "இதை எழுதிக்கட்டுமாம்மா?" என்றேன்.

"எழுதுங்கோ அங்கிள். ஆனா எனக்குத் தமிழ் படிக்க வராது."

எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய வரம் உண்டா?

முதல் வரி இப்படி வந்தது: கொரிய வானில் நான்கு நட்சத்திரங்கள்— [வேண்டாம். "வானமும் நட்சத்திரமும் சினிமாப் பத்திரிகைக்கு. ஆளைச் சொல்லுங்கோ" என்றாள் ருக்கு. ருக்கு என் மனைவி. என் எழுத்துக்கு முதல் வாசகியும் முதல் எதிரியும் அவள்தான்.]

2

ஆளைச் சொல்கிறேன். ஆண்டு 2008. ஜ்யோத்ஸ்னாவுக்கு இருபத்துநாலு வயது. லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் வீடு. அப்பா பாலசுப்ரமணியத்துக்கு ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கி. பிரெஞ்சு வகுப்புக்கு மதிப்பெண் போதாமல் கொரிய மொழி வகுப்பில் போய் விழுந்தவள், விழுந்த இடத்திலேயே ஊறிப்போனாள். விழாக்கள் நடத்தும் ஒரு கம்பெனியில் மூன்று மாதமாகத் தற்காலிக மொழிபெயர்ப்பாளர். கொரியாவிலிருந்து வரும் பாட்டுக் குழுவின் பத்திரிகையாளர் சந்திப்பையும் மாலை நிகழ்ச்சியையும் ஒழுங்காக முடித்துக்கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் ரவிக்குமார் சொல்லியிருந்தார்.

குழுவில் நாலு பையன்கள். யாரோ தைத்துக்கொடுத்த பாட்டைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுகிற ரகம் இல்லை. எழுதுவது, மெட்டுப் போடுவது, பதிவு செய்வது எல்லாம் அவர்களேதான். அவர்கள் சேர்ந்து குடியிருந்த மொட்டைமாடி ஒற்றை அறைதான் குழுவுக்கும் பெயர். தில்லிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? அந்த மாடி அறைக்கு இங்கே பர்சாத்தி என்று பெயர். அப்படியே வைத்துக்கொள்வோம்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: இப்படி ஒரு குழுவைத் தேடாதீர்கள், கிடைக்காது. பெயர்களை மாற்றிவிட்டேன். சில இடங்களில் ஆட்களையும்.)

3

ரவிக்குமார் ஒரு தாளைக் கொடுத்தார். நாலு பேரின் குணமும் அதில் அச்சாகியிருந்தது. மூத்தவன் பியோங்-ஹோ, பொறுப்பானவன். அடுத்தவன் குறும்பன். மூன்றாமவன் மென்மையானவன். கடைசிப் பையன் சே-யுங், மௌனி, கவிஞன். குழுவைத் தூக்கிவிட்ட 'ஈரத் துணி' என்ற பாட்டு அவன் பெயரில்.

"இதுல இருக்கறதை மட்டும் சொல்லும்மா. சொந்தச் சரக்கு வேண்டாம், அச்சா?"

சந்திப்பில் ஒரு நிருபர் எழுந்து, 'ஈரத் துணி' எப்படிப் பிறந்தது என்று சே-யுங்கைக் கேட்டார். மௌனி மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

"எனக்கு அந்தப் பாட்டே பிடிக்காது. முதல் நாள்லேருந்து வேண்டாம்னுதான் சொன்னேன். மூணு மாசம் சண்டை போட்டேன்."

ஜ்யோத்ஸ்னா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தாளில் அவன் பெயர் இருக்கிறதே! அரசாங்க ஃபைல்களுக்கு நடுவே வளர்ந்த பெண் அவள். கையெழுத்துப் போட்டவர் பிறகு எனக்கு இது பிடிக்காது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. பையனுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லை குழுவுக்குள் தகராறு. எதுவானாலும் நாளைக்குச் செய்தி. நாற்பது பேனாக்கள் காத்திருந்தன. முன்வரிசையில் ரவிக்குமார்.

"ஒரு மழை நாளில், தனியாக உட்கார்ந்து, கண்ணீரோடு ஒரே மூச்சில் எழுதினாராம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

கைதட்டல். பியோங்-ஹோ மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும்.

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. படித்த பெண், கேட்டதைச் சொல்ல வேண்டியதுதானே? [அவளை அசடாகக் காட்டிய மூன்று வரிகள் இங்கே இருந்தன. ருக்கு அடித்துவிட்டாள். "வேலை போயிடுமோன்னு பயந்தவளை அசடுன்னு எழுதறவர்தான் அசடு."]

ஜ்யோத்ஸ்னா தாழ்வாரத்துக்கு ஓடிப்போய் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, கையெழுத்துப் போட்டவர்தானே அதை எழுதினவர்?"

"போடி பைத்தியமே. முப்பத்துநாலு வருஷமா எத்தனை டிராஃப்ட் எழுதியிருப்பேன்! ஒண்ணுலயாவது என் கையெழுத்து இருக்குமா? போடறது ஆபீசர்னா. ஏன், என்னாச்சு?"

ஒன்றுமில்லை என்று போனை வைத்தாள். தப்புச் செய்துவிட்டோம் என்று உறைத்தது. நேரே ஒப்பனை அறைக்குப் போய், சே-யுங் முன்னால் குனிந்து, தான் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"கண்ணீரோடயா? நானா?" என்று சிரித்துவிட்டான் அவன்.

மூத்தவனும் மென்மையானவனும் நாற்காலியிலிருந்து விழாத குறை. குறும்பன் என்று அச்சடிக்கப்பட்டவன் மட்டும் சிரிக்காமல் சட்டைப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

பியோங்-ஹோ சொன்னான்: "பாட்டைக் கொண்டுவந்தது நான். இவன் ஒவ்வொரு வரியா வேண்டாம்னான். பதினோரு வரி போச்சு. மிச்சம் நின்னதுதான் பாட்டு. எங்க அறையில அதுதான் வழக்கம். யார் கடைசிவரைக்கும் எதிர்க்கிறானோ, அவன் பேர்லதான் பாட்டு."

"அப்ப இந்தத் தாள்?"

"தாளை அச்சடிச்சவங்க எங்களைக் கேட்கலை. பாட்டுல இவன் பேரைப் பார்த்தாங்க, கவிஞன்னு போட்டுட்டாங்க."

சே-யுங் இப்போது சிரிப்பை நிறுத்தியிருந்தான். "உங்க மேல கோபமில்லை. ஆனா நான் போட்ட சண்டையெல்லாம் அழுகையாப் போச்சே. சாயங்காலம் சரியா சொல்லுவீங்களா?"



5

மாலை. இரண்டாயிரம் பேர். மேடை ஓரத்தில் ரவிக்குமார் அதே தாளை ஆட்டிக் காட்டிக்கொண்டு நின்றார். ஜ்யோத்ஸ்னா அந்தப் பக்கம் பார்க்காமல் மைக்கை எடுத்தாள்.

"இந்தப் பாட்டைப் பற்றிக் காலையில் நான் சொன்னது பொய். அவர் சொன்னது வேறு."

மூன்று மாதச் சண்டையையும் போன பதினோரு வரியையும் சொன்னாள். சே-யுங் மைக்குக்குத் தாவினான்.

"பதினொண்ணு இல்லை, பதினாலு!"

"பதினொண்ணுதான்!" என்றான் பியோங்-ஹோ.

இரண்டையும் அவள் விடாமல் மொழிபெயர்த்தாள். அவர்கள் குரலை உயர்த்தினால் அவளும் உயர்த்தினாள். அரங்கமே சிரித்துக் குலுங்கியது. "அப்பத்தான் அங்கிள் எனக்கு மூச்சே வந்தது" என்றாள், பிறகு நான் துருவிக் கேட்டபோது. அதைச் சொல்லும்போதுகூட ஒரு பெருமூச்சு விட்டாள்.

[ரவிக்குமார் கண்கள் சிவக்க, "நாளையிலிருந்து நீ—" என்று ஒரு வாக்கியம் தொடங்கியிருந்தேன். வில்லன் இருந்தால் கதைக்கு எடுப்பு என்ற ஆசைதான். உண்மையில் அவர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஜனங்க சிரிச்சுட்டாங்க. பச் கயே, பிழைச்சோம். நாளைக்கு டைமுக்கு வந்துடும்மா" என்றார்.]

6

வேலை நிரந்தரமானதாக ஒரு முடிவு எழுதினேன். கடிதம் வரவே இல்லை என்று இன்னொன்று. அவள் கொரியாவுக்கே போய்விட்டாள் என்று மூன்றாவது. ருக்கு மூன்றையும் அடித்தாள்.

"உண்மையைச் சொன்னப்பவே அந்தப் பொண்ணுக்கு விடிஞ்சாச்சு. அதுக்கு மேல உங்களுக்கு என்ன வேலை?"

"அப்போ இதை எழுதியது ருக்கு என்று போட்டுவிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். எனக்கு அவ்வளவு எதிர்ப்பு இல்லை. கொஞ்சம் பிடிச்சுடுத்து."

ஆகவே எழுதியவர் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. எந்தெந்த வரியில் 'இப்படியெல்லாம் நடக்குமா' என்று முணுமுணுத்தீர்களோ, அதையெல்லாம் அடித்துவிடுங்கள். ஒரு வரிகூட மிஞ்சாவிட்டாலும் பாதகமில்லை. கடைசிவரைக்கும் எதிர்த்தவர் நீங்கள்தான், கீழே கையெழுத்தைப் போட்டுவிடுங்கள்.