மஞ்சள் நகர்ந்த வெண்டல்

1962ஆம் ஆண்டு மார்ச் மாதம் காலையில் பாலில் போட்டுத் தின்னும் சீரியல் தானியத்தின் புதிய டப்பாக்கள் கடைக்கு வந்த நாளிலிருந்து வெண்டல் ப்ரூசாக் நான்கு பேராக இருந்தார், ஒரு நாளைக்கு ஒருவர் என்ற கணக்கில். பெரிய பேஸ்பால் அணி ஒன்றில், மட்டைக்காரருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சருக்கு மாற்றாக, பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தே காலம் கழித்த ஆட்டக்காரர் அவர். அந்த வருடம் சீரியல் கம்பெனி தன் டப்பாக்களின் முதுகில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களை அச்சடித்தது. சீரியலைத் தின்று முடித்தபின் வீட்டில் இருக்கிற கத்தரியால் படத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அச்சடித்த அவசரத்தில் வெண்டலின் படம் மட்டும் நான்கு விதமாக வெளிவந்தது. ஒன்றில் பெயருக்குக் கீழே கறுப்புக் கோடு, இன்னொன்றில் அதே கோடு பழுப்பு நிறத்தில். மூன்றாவதில் கடைசி வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி இல்லை. நான்காவதில் மஞ்சள் மை ஒரு மயிரிழை வலப்பக்கம் நகர்ந்து, கீழுதட்டின் மேல் வெளிச்சம் விழுந்து, ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது.

கறுப்புக்கோட்டு வெண்டல்தான் வாரத்தில் நாலைந்து நாள் வருவார். அமைதியானவர். ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். பழுப்புக்கோட்டு வெண்டலும் அப்படித்தான், ஆனால் காப்பியில் பால் ஊற்றிக்கொள்வார். முற்றுப்புள்ளி இல்லாத வெண்டல் எந்த வேலையையும் முடிக்க மாட்டார். அவரால் வீட்டின் வடக்குச் சுவர் பதினோரு வருடம் பாதி வெள்ளையும் பாதி பச்சையுமாக நின்றது. நான்காமவர் பேசுவார். மிச்சிகன் மாநிலத்தில் அவர்கள் குடியிருந்த எல்க்ரிட்ஜ் ஊரின் டாக்டர் வெண்டலுக்கு நான்கு கோப்புகள் வைத்திருந்தார். ரத்த அழுத்தம் நால்வருக்கும் வேறு வேறாக இருந்ததால் அது நல்ல ஏற்பாடு என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மனைவி இர்மாவுக்கு மட்டும் இதில் சொல்லாத குற்றவுணர்ச்சி ஒன்று இருந்தது. அந்த டப்பாக்களை அச்சடித்த அச்சகத்தில் தாள் சரிபார்க்கும் வேலையில் இருந்தவள் அவள்தான். அப்போது வயது இருபத்து மூன்று. மஞ்சள் நகர்ந்த தாள்களைக் கிழித்துப் போட வேண்டும் என்பது விதி. அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். இந்த மனிதர் எதையோ சொல்ல வருகிறார், சொல்லவிடாமல் கிழிப்பது எப்படி என்று தோன்றியது. முந்நூறு தாள்களைச் சத்தமில்லாமல் நல்ல தாள்களின் அடுக்கில் சேர்த்துவிட்டாள். ஒரு மாதம் கழித்துக் கம்பெனி விளம்பரத்துக்காக வெண்டலை ஊருக்கு அழைத்து வந்தது. காலை முழுக்க அவர் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார், பத்திரிகைக்காரர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் மதியம் அச்சகச் சாப்பாட்டுக் கூடத்தில் இர்மாவின் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்து, பேசத் தொடங்கி, மூன்று மணிவரை நிறுத்தவில்லை. அவருடைய கீழுதட்டில் வெளிச்சம் ஒரு மயிரிழை வலப்பக்கம் விழுந்திருப்பதை அவள் கண்டாள். இது தன் கைவேலை என்று அவளுக்கு உடனே புரிந்தது. இலையுதிர்காலத்தில் கல்யாணம் நடந்தது. மாதாகோவிலில் உறுதிமொழி சொன்னவர் பழுப்புக்கோட்டு வெண்டல்.

அட்டைப்பெட்டி என்பது குப்பைக்குப் போகிற பொருள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டப்பா குப்பைக்குப் போகும்போது ஏதோ ஒரு வெண்டல் வருகிற நாள் குறைந்தது. மற்ற மூவரும் லட்சக்கணக்கில் அச்சானவர்கள், அவர்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. முந்நூறு தாள்களில் மட்டும் இருந்தவர்தான் தேய்ந்தார். முதலில் வாரம் ஒரு நாள், 1970 வாக்கில் மாதம் ஒரு நாள், பிறகு வருடத்துக்கு இரண்டு. 1991 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை கடைசியாக வந்தார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, டொலிடோ பக்கத்தில் அணி போன ரயில் நின்றுபோன கதையைச் சொன்னார், பாதியில் தூக்கம் வந்துவிட்டது. மறுநாள் காலை கறுப்புக்கோட்டு வெண்டல் எழுந்து காப்பி போட்டார். அதற்கப்புறம் நான்காமவர் வரவேயில்லை.

இர்மா பழைய லென்ஸை எடுத்தாள். ஆட்டக்காரர் பட அட்டைகளைச் சேகரிப்பவர்கள் கூடும் சந்தைகள் ஓட்டல் கூடங்களிலும் மாதாகோவில் நிலவறைகளிலும் நடந்துகொண்டிருந்தன, ஒன்றுவிடாமல் போனாள். மஞ்சள் நகர்ந்த படம் ஒன்றாவது மிஞ்சியிருக்காதா என்று மேசை மேசையாகக் குனிந்து வெண்டலின் கீழுதட்டைப் பார்த்தாள். கார் ஓட்டி வந்தவர் வெண்டல்தான், பெரும்பாலும் கறுப்புக்கோட்டுக்காரர். முட்டை சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவளுடைய கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடப்பார். வியாபாரிகள் அவளை லென்ஸ்காரம்மா என்றார்கள்.

"பத்து வருஷமா ஒரே மனுஷனத் தேடுறீங்களே மேடம்," என்றான் ஒருவன். "பக்கத்துலயே சாண்ட்விச்சும் கையுமா நிக்கிறாரு, கண்ணுக்குத் தெரியலியா?"

"இவர் வேற ஆளு," என்றாள் இர்மா.

வெண்டல் அதற்கும் தலையாட்டினார்.

2003 வசந்தத்தில் டாக்டர் நான்கு கோப்புகளில் மூன்றை மேசையில் பரப்பி, இதய வால்வு ஒன்று தளர்ந்திருப்பதாகச் சொன்னார். மூவருக்கும் அதே வால்வு. நான்காவது கோப்பில் பன்னிரண்டு வருடமாக எதுவும் எழுதப்படவில்லை. அதற்கடுத்த சந்தையில் இர்மா முன்னைவிட வேகமாகக் குனிந்து பார்த்தாள். இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்னிலிருந்து வந்திருந்த ஆர்லோ டென்ப்ரூக் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் தன் மேசையிலிருந்த ஏழு வெண்டல்களையும் அவள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எங்க அக்கா ரூத்கிட்ட ஒண்ணு இருந்துச்சு," என்றார். "தையல் டப்பா மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருந்தா. அந்த சீரியல் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. இந்தப் படத்துக்காக மூக்கப் பிடிச்சுக்கிட்டுத் தின்னு தீர்த்தா."

"வாய் எப்படி இருந்துச்சு? திறந்த மாதிரியா?"

"தெரியலீங்க. அவ போனதுல இருந்து நான் அந்த டப்பாவத் திறக்கல."

"எப்ப போனாங்க?"

"தொண்ணூத்தி ஒண்ணு. அக்டோபர் மாசம்."

இர்மா லென்ஸைப் பையில் வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டாள். விற்க மாட்டேன் என்று ஆர்லோ முதலிலேயே சொல்லிவிட்டார். பார்த்தால் போதும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கறுப்புக்கோட்டு வெண்டல் வண்டி ஓட்டினார். இந்தியானா எல்லை தாண்டியதும், கேட்காமலே வாயைத் திறந்தார். அவர் அப்படிச் செய்வது வழக்கமில்லை.

"அது அவன்தான்னா, நான் எங்க போவேன்?"

இர்மாவுக்கு இந்தக் கேள்வி இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. சோளக்கொல்லைகள் ஒரு மைல் தூரம் ஓடி மறைந்தன.

"வேணாம்னா சொல்லு, வெண்டல். இப்பவே திரும்பிடலாம்."

"இல்ல, போலாம்." இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "அவன் பேசினா உன் முகம் எப்படி இருக்கும்னு நான் பார்த்ததில்ல. அவன் வர்ற நாள்ல நான் இருக்கிறதில்லயே. அது ஒண்ணுதான் எனக்குக் குறை."

இர்மா அவர் முழங்கை மேல் கை வைத்தாள். ஃபோர்ட் வேய்ன் வரும்வரை எடுக்கவில்லை. அவருடைய சட்டைக் கையில் பொத்தான் ஒன்று தளர்ந்திருப்பதையும், இந்த மனிதர் இத்தனை ஆயிரம் மைல் ஓட்டியது தன் இடத்துக்கு வேறொருவரைக் கொண்டுவரத்தான் என்பதையும் அவள் ஒரே நேரத்தில் கவனித்தாள்.

ஆர்லோ தகர டப்பாவைச் சமையலறை மேசையில் வைத்திருந்தார். மூடி இறுகியிருந்தது, கத்தி முனையால் நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே நூல்கண்டுகள், விரலுறை, மூடியின் உள்பக்கம் கோணலாக வெட்டிய வெண்டல். கத்தரி தவறித் தொப்பியின் ஓரத்தையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தது. இர்மா குனிந்து லென்ஸை வைத்தாள். அவள் நிமிர்வதற்கு முன்பே பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அப்ப ரயில் நின்னுச்சா," என்றார் வெண்டல். "டொலிடோவுக்கு இன்னும் ஆறு மைல். கோச் எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொல்றாரு. ரயில, இர்மா. ரயிலத் தள்ளச் சொல்றாரு."

ஆர்லோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதை முடியும்வரை அவர் காப்பியைத் தொடவில்லை. முடிந்ததும் இன்னொன்று தொடங்கியது. ரூத் அக்கா தைக்கும்போது அடிக்கடி தனக்குத்தானே சிரிப்பாள் என்றும், எதற்குச் சிரிக்கிறாள் என்று தான் கேட்டதேயில்லை என்றும் அவர் இடையில் சொன்னார். வெண்டல் அவர் பக்கம் திரும்பினார்.

"பச்சை நூல்ல தைப்பாங்களே, அவங்களா? நல்லாக் கேப்பாங்க. நடுவுல குறுக்க பேச மாட்டாங்க."

ஆர்லோ டப்பாவிலிருந்து பச்சை நூல்கண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, டப்பா இங்கேயே இருக்கட்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவிலுக்குப் போய் வந்ததும் திறந்து வைக்கிறேன், படுக்கப் போகும்போது மூடுகிறேன் என்றார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு நூற்றிருபது மைல். வெண்டல் ஓட்டிக்கொண்டே பேசினார். பன்னிரண்டு வருடம் காத்திருந்து கேட்டவள் மூன்றாவது கதையிலேயே கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், நிறுத்தவில்லை.

வால்வு இன்னும் ஆறு வருடம் தாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியத்துக்கு மேல் ப்ரூசாக் வீட்டில் பேச்சுக்குரல் கேட்கும். எதிர்வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டமாட்டார்கள். திங்கட்கிழமை காலை கறுப்புக்கோட்டு வெண்டல் எழுந்து, இரண்டு கோப்பையிலும் காப்பி ஊற்றி, இர்மாவுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"நேத்து என்ன சொன்னான்?"

இர்மா சொல்வாள். நிறுத்தாமல், கையை ஆட்டி, கோச்சின் குரலையும் செய்து காட்டி, முழுக்கச் சொல்வாள். அவர் காப்பி ஆறிப்போகும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் விரலைத் தூக்குவார்.

"அது டொலிடோ இல்ல," என்பார். "க்ளீவ்லேண்ட். அவன் எப்பவும் மாத்திச் சொல்றான். நீ மேல சொல்லு."