றோஸ் நிற நுளம்பு வலை

இப்போது ஆட்களுக்கு ஒரு பொருளைத் தந்துவிட்டுப் பேசாமல் போகத் தெரியாது. முதலில் கூட்டம் வைக்க வேண்டும். எங்களை வாய் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நாங்கள் எதைச் சொன்னாலும் தலையை ஆட்ட வேண்டும். கடைசியில் எல்லாரும் சேர்ந்து கைதட்ட வேண்டும். நான் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். சாக்கின் மேலே அச்சடித்திருப்பது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று என்று முதுகாலேயே படித்தவன். அதனால் பல்கலைக்கழகத்தில் இருந்து பூரணி என்ற பிள்ளை எங்கள் கப்பல்துறைக் கிராமத்துக்கு வந்து, "உங்கட கருத்து எங்களுக்கு வேணும்" என்றபோது, இதற்குப் பின்னால் வேறு ஏதோ வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"நீங்கள் டொக்டரோ?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. சுகாதார ஆராய்ச்சிக்கு ஆலோசகர்."

"அப்பிடியெண்டா?"

"ஆய்வுகூடத்தில ஒரு விஷயம் சரியெண்டு கண்டுபிடிப்பினம். அது உங்கட வீட்டுக்கு வந்து சேராமல் வழியில எங்கயாவது நிண்டிடும். ஏன் நிண்டது எண்டு பார்த்து, அங்க போய்ச் சொல்லி, திருப்பிக் கொண்டு வாறதுதான் என்ட வேலை."

"அப்ப கண்டுபிடிக்கிறதும் நீங்கள் இல்லை, மருந்து தாறதும் நீங்கள் இல்லை. நடுவில நிக்கிறீங்கள்."

"ஓம் ஐயா, நடுவிலதான்" என்று சிரித்தாள்.

நடுவில் நிற்கிற ஆளைத் துறைமுகத்தில் தரகர் என்போம்.

அவள் கொண்டுவந்தது நுளம்பு வலை. வெள்ளைப் பருத்தி வலை. அதை மருந்துத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கட்டினால் நுளம்பு வந்து முட்டியதும் செத்துவிடுமாம்; மலேரியா வராதாம். சண்டைக் காலம் அது. ஆறு மணிக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கண்டி வீதியில் ஒவ்வொரு காவலரணிலும் இறங்கி நிற்க வேண்டும். என் மகள் குணேஸ்வரிக்கு முதல் பிள்ளை அப்படித்தான், மலேரியாக் காய்ச்சலோடு வயிற்றிலேயே போனது. இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். மருமகன் கொழும்பில் வேலை. மாரி தொடங்கப்போகிறது. நுளம்பு இரைகிற சத்தம் கேட்டாலே எழும்பிப் போய் மகளின் கட்டிலைப் பார்ப்பேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனாலும் வலையை நான் கட்டவிடவில்லை. ஊரில் ஒருவருமே கட்டவில்லை. அடுத்த முறை பூரணி வந்தபோது வலை எல்லாம் மடித்தபடி அலுமாரியில் இருந்தது. வாசிகசாலையில் கூட்டம் வைத்தாள்.

"ஏன் கட்டேல்லை?"

புழுக்கம் என்றார் ஒருவர். ஆணி இல்லை என்றார் இன்னொருவர். எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, எங்கட ஊரில செத்த வீட்டில என்ன செய்யிறவை தெரியுமோ? பிரேதத்தைக் கிடத்தி, அதுக்கு மேல நாலு மூலைக்கும் கயிறு போட்டு வெள்ளை கட்டுவம். நீங்கள் என்ட பிள்ளைத்தாச்சி மகளை உயிரோட அதுக்குக் கீழ படுக்கச் சொல்லுறீங்கள்."

பூரணி கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள். "இதை ஒருதரும் எனக்குச் சொல்லேல்லையே ஐயா. நானும் கேட்கேல்லை."

"சரி, வேற நிறம் சாயம் போடுவம்" என்றாள் முன்வீட்டு இராசமலர். அவளுக்கு எதற்கும் உடனே ஒரு வழி இருக்கும். "பச்சை நல்லா இருக்கும்."

"ஆமிக்காரன்ட சட்டை மாதிரி இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள்.

"அப்ப நீலம்."

"நேவி."

"சிவப்பும் மஞ்சளும்..." என்று தொடங்கிய இராசமலர், அது இயக்கக் கொடியின் நிறம் என்று எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காவி?"

"என்னை என்ன, சந்நியாசம் போகச் சொல்லுறியோ?" என்று அவள் புருஷன் பின்னால் இருந்து கத்தினான். "போங்கோ, நிம்மதியா இருக்கலாம்" என்றாள் அவள். கூட்டம் கலகலத்தது.

கறுப்பைப் பற்றிப் பேசவே விடவில்லை. ஒரு நுளம்பு வலைக்கு இந்த நாட்டில் நிறம் மிச்சமில்லாமல் போயிற்று. அப்போதுதான் குணேஸ்வரி, கூட்டத்தில் வாயே திறக்காதவள், மெதுவாகச் சொன்னாள்: "றோஸ் போடுவம். றோஸ் நிறத்தில ஒரு படையும் இல்லைத்தானே."

பூரணி சிரித்த சிரிப்பில் அவளுடைய மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது.

ஆனால் உடனே ஓம் என்று சொல்லவில்லை. சாயம் போட்ட துணியில் மருந்து பிடிக்குமா என்று கேட்டு வருகிறேன் என்று போனாள். போனவள் வரமாட்டாள் என்றேன். சண்டையால் நின்றிருந்த பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய முதல் நாளே வந்துவிட்டாள். முதலில் சாயம், நன்றாகக் காய்ந்த பிறகு மருந்து. மாற்றிச் செய்தால் மருந்து கழுவுப்பட்டுப் போய்விடும் என்றாள்.

சாயம் கொண்டுவர ஸஹாப்தீனைப் பிடித்தோம். கிண்ணியாவில் இருந்து புடைவை கொண்டுவந்து விற்கிறவர். அவர் வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

"என்ன தம்பி, இவ்வளவு நேரம்?"

"அண்ணே, காவலரணில பிடிச்சிட்டான். இது என்ன தூள், குண்டுக்கோ எண்டான். நுளம்பு வலைக்குச் சாயம் எண்டன். நம்பயில்ல. பைக்குள்ள கையை விட்டுக் கிளறினான். வேர்த்த கை. ஒரு கை முழுக்க றோஸ். துடைக்கத் துடைக்க மற்றக் கையும் றோஸ். பெரியவன் வந்து பார்த்திட்டுச் சிரிச்சான் பாருங்க, அதுக்குப் பிறகுதான் என்ன விட்டாங்க."

அன்று வாசிகசாலை முற்றத்தில் கிடாரங்கள் அடுப்பேறின. பெண்கள் பாட்டுப் பாடிப் பாடி வலையைத் தோய்த்தார்கள். ஊர் நாய் ஒன்று கிடாரத்தடியில் படுத்து எழும்பி, ஒரு பக்கம் றோஸாய்த் திரிந்தது. இராசமலரின் புருஷன் ஒரு வலையைத் தலையில் போட்டுக்கொண்டு மணப்பெண் மாதிரிக் குனிந்து நடந்தான். பூரணி கையுறை போட்டு, ஒவ்வொருவரையும் கிட்ட வைத்து, மருந்தில் நனைக்கப் பழக்கினாள். இவ்வளவு சிரிப்பை நான் அந்த வருஷங்களில் கேட்டதில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாய் இருந்தது.

வீட்டில் குணேஸ்வரியின் கட்டிலுக்கு நானே வலையைக் கட்டினேன். எனக்கும் ஒன்று தந்தாள்.

"கிழவனுக்கு றோஸ் வேண்டாம்" என்று விறாந்தையில் பாயைப் போட்டேன்.

"அப்பா, வீம்பு பிடிக்காதேங்கோ."

"நீ படு."

மாரி வந்தது. நுளம்பும் வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. பாயில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்து மலேரியா என்றார்கள். குணேஸ்வரி வயிற்றைத் தூக்கிக்கொண்டு எனக்குக் கஞ்சி வைத்தாள். அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பேத்தி பிறந்தபோது கைக்குள் அடங்காத குண்டு. அழுத சத்தம் வாட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. நான் மதிலோடு சாய்ந்து நின்று நன்றாக மூக்கைச் சிந்தினேன். ஆஸ்பத்திரி மருந்து வாடை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

பிறகு பூரணி கடைசிக் கூட்டம் வைத்தாள். ஊரில் காய்ச்சல் நன்றாகக் குறைந்திருக்கிறது என்றும், எங்கள் ஊரில் படித்ததைத் தோப்பூர்ப் பக்கமும் நிலாவெளிப் பக்கமும் கொண்டுபோகப் போகிறோம் என்றும் சொன்னாள். அங்கே போய் முதலில் நிறத்தைத்தான் கேட்பாளாம். எல்லாரும் கைதட்டினார்கள். பேத்தி குணேஸ்வரியின் மடியில் இருந்து கையைக் காலை உதைத்தாள்.

"குலசிங்கம் ஐயா ஒரு வார்த்தை சொல்லுங்கோ" என்றாள் பூரணி.

எழும்பினேன். "வலையால எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்? நுளம்புக்கு வெளியில நான் லேசாக் கிடைச்சன். என்னைக் கடிச்சு வயிறு நிரம்பினது பிறகு ஏன் உள்ள போகுது?"

"அப்ப நீங்கள்தான் வலை!" என்று இராசமலர் கத்தினாள். வாசிகசாலை அதிர்ந்தது. குணேஸ்வரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பூரணி மட்டும் சிரித்து முடித்துவிட்டு, "ஐயா சொல்லுறதும் ஞாயம்தான். ஒரு வீட்டை வச்சு முடிவு சொல்ல ஏலாது. அதுதான் மற்ற ஊர்களிலயும் பார்க்கப் போறம்" என்றாள்.

எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. வாதாடினால் பதில் சொல்லலாம். முகத்துக்கு நேரே ஓம் என்று ஒத்துக்கொள்கிற ஆளை எப்படி நம்புவது?

"நீங்கள் பார்த்திட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன். பின்னால் மறுபடியும் கைதட்டினார்கள். எனக்கா, அவளுக்கா என்று திரும்பிப் பார்க்கவில்லை.