முதலாளி இல்லாத கொட்டகை

நீதியின் முன் முதலாளியும் தொழிலாளியும் சமம். நல்லசிவம் அண்ணாச்சிக்கு அந்த வழக்கில் பிடிக்காத விஷயமே அதுதான். தனக்கு ஐந்து வருடம் போட்டதைக்கூட மேல்கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். ஃபோர்மேன் முத்துப்பாண்டிக்கும் அதே ஐந்து வருடம் போட்டதுதான் நெஞ்சில் குத்தியது.

2005 தீபாவளி சீசனில் நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் லைசென்ஸ் இல்லாத பட்டாசுக் கொட்டகை ஒன்று வெடித்து, மாரிசெல்வி என்ற பெண் செத்துப்போனாள். கொட்டகை அண்ணாச்சியுடையது. முன்யோசனையாகக் குத்தகைப் பத்திரத்தை மட்டும் முத்துப்பாண்டி பேரில் எழுதியிருந்தார். போலீஸில் முத்துப்பாண்டி அண்ணாச்சியைக் காட்டினான், அண்ணாச்சி முத்துப்பாண்டியைக் காட்டினார். கீழ்க்கோர்ட் நீதிபதி அவன் சொன்னதை இவருக்கு எதிராகவும் இவர் சொன்னதை அவனுக்கு எதிராகவும் எடுத்துக்கொண்டார். இருவரையும் சேர்த்து நிற்கவைத்து ஒரே கேள்வி கேட்டு, ஒரே பதிலை எழுதி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலையை முடித்துவிட்டார்.

அண்ணாச்சியின் மதுரை வக்கீல் சபரிநாதனுக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. போலீஸிடம் சொன்னது சாட்சியம் ஆகாது, வழக்கைக் கூட்டாக நடத்தினாலும் கேள்வியைத் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று மேல்கோர்ட்டில் முழங்கினார். தண்டனை ரத்தானது. இருவரையும் தனித்தனியாகக் கேட்டுப் புதிதாகத் தீர்ப்புச் சொல்லும்படி உத்தரவு வந்தது. அண்ணாச்சி 'நீதி வென்றது' என்று நாலு கலரில் போஸ்டர் அடித்து ஊரெங்கும் ஒட்டினார். மாரிசெல்வி வீட்டுச் சுவரிலும் ஒன்று ஒட்டியிருந்தது.

இனி, கொட்டகை என்னுடையதல்ல என்று அவர் சொன்னால் போதும், வீட்டுக்குப் போகலாம். பழியை முத்துப்பாண்டி ஏற்பதாகவும் அவன் குடும்பத்தை அண்ணாச்சி பார்த்துக்கொள்வதாகவும் பேச்சு. அவனைப் பார்த்தால் முதலாளி மாதிரி தெரிய வேண்டுமே என்று அண்ணாச்சியே புது வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்.

முத்துப்பாண்டி முதலில் கூண்டில் ஏறினான். சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். சட்டையின் மடிப்பு கொடுத்த தைரியத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் சொன்னான்.

"கொட்டகை என்னுதுதாங்கய்யா. நல்லசிவம் நம்மகிட்ட கணக்கு எழுதுன ஆளு. வேலை மெதுவாத்தான் ஓடும். ஆனா களவாங்க மாட்டாரு, பாவம்."

கோர்ட்டில் பின்வரிசையில் சிரித்தார்கள். அடுத்து அண்ணாச்சி. கொட்டகை உங்களுடையதா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றார். சபரிநாதன் மூச்சு விட்டார். அப்படியென்றால் முத்துப்பாண்டியிடம் எத்தனை வருடமாக வேலை பார்க்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"யாருகிட்ட யாரு வேலை பாத்தது? அவன் போட்டிருக்க சட்டையே நான் எடுத்துக் குடுத்ததுய்யா. கொட்டகை என்னுது, லோடு என்னுது, ஆர்டர் என்னுது. நல்லசிவம்னா பீகார் வரைக்கும் தெரியும். ஏலே, நீ எனக்குச் சம்பளம் குடுத்தியால?"

தட்டச்சர் ஒரு சொல் விடவில்லை. நீதிபதி, முத்துப்பாண்டி சொன்னது சொல்லிக்கொடுத்த பாடம் என்று தள்ளி அவனை விட்டுவிட்டார். அண்ணாச்சி சொன்னது ரோஷத்தில் வந்த உண்மை என்று ஐந்து வருடத்தைத் திரும்பக் கொடுத்தார்.

சபரிநாதன் ஜெயிலுக்கு வந்து பார்த்தார். கூடவே அண்ணாச்சியின் மனைவி சுப்புத்தாயும் வந்திருந்தார்.

"இனி ஒரே வழிதான் இருக்கு அண்ணாச்சி. அன்னைக்குச் சொன்னது வெறும் பீத்தல்னு எழுதிக் குடுக்கணும்."

"நான் பீத்தலா?"

"அதுக்கு எம்புட்டுச் சாட்சி வேணும் வக்கீல் சார்?" என்று கேட்டார் சுப்புத்தாய்.

மனுதாரர் தன்னைப் பெரிய மனிதராகக் காட்டிக்கொள்ள இல்லாததைச் சொல்லும் வழக்கமுடையவர் என்று பிரமாணப் பத்திரம் தயாரானது. அண்ணாச்சி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். சாட்சிகளாகச் சுப்புத்தாயும் முத்துப்பாண்டியும் கையெழுத்துப் போட்டார்கள்.

மேல்கோர்ட் அதை நம்பி அவரை விடுதலை செய்தது.