எதிரெதிரே இரண்டு நாற்காலி

சுகிர்தம் சாப்பிடும்போது ஞானம் கல்லாவில் இருப்பார். ஞானம் சாப்பிடும்போது சுகிர்தம் கல்லாவில் இருப்பாள். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. திருவொற்றியூரில் மளிகைக்கடை வைத்திருக்கிற எந்த வீட்டில் எட்டிப் பார்த்தாலும் இதுதான் நடக்கும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு துணித்திரை. ஒருவர் அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் மற்றவர் வெளியே வருவார். காலையில் முதல் சாப்பாடு அவருக்கு, மத்தியானம் முதல் சாப்பாடு அவளுக்கு. "கொழம்பு அடுப்பு மேல இருக்கு" என்பாள் இவள். "குப்பம்மாவுக்குக் கால் கிலோ புளி கட்டி வச்சிருக்கேன், வந்தா குடு" என்பார் அவர். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சுகிர்தத்திடம் நிறைய இருந்தது. வைத்துக்கொண்டு என்ன செய்வது, திரை விலகி மூடுவதற்குள் எவ்வளவு பேச முடியும்?

கல்யாண விருந்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அன்றைக்கு வெட்கத்தில் அவள் தலை நிமிரவே இல்லை. சாத்தான்குளம் பக்கம் சொந்த ஊருக்கு நல்லது கெட்டதற்குப் போனால் ஆண்கள் பந்தி தனி, பெண்கள் பந்தி தனி. மகள் ஷெர்லின் கல்யாணத்தில் அவர் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார், இவள் சம்பந்தி வீட்டாரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு முன்னால்கூடச் சேர்ந்து நின்றதில்லை; இவள் முதல் ஆராதனை, அவர் இரண்டாம் ஆராதனை. ராத்திரியாவது சேர்ந்து சாப்பிடலாம்தான். ஷெர்லின் சின்னவளாக இருந்தபோது அவளோடு சாப்பிட்டுப் படுத்துவிடுவாள். சுகிர்தத்துக்குச் சர்க்கரை வந்த பிறகு, எட்டு மணிக்குள் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கடையை அடைத்துவிட்டு வரப் பத்தரை ஆகும்.

ஆக, நாற்பது வருஷத்துக்கு மேல் கூடக் குடியிருந்த மனிதர் எப்படிச் சோறு பிசைவார் என்று அவளுக்குத் தெரியாது. கழுவ வரும் தட்டைப் பார்த்து ஊகித்துக்கொள்வாள். கறிவேப்பிலையை ஓரத்தில் ஒதுக்கியிருப்பார். மீன் முள்ளை ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பார். முருங்கைக்காயை மட்டும் சக்கையாகத் துப்பாமல் விடமாட்டார்.

இது ஒரு குறை என்று அவளுக்கு ரொம்ப நாள் தோன்றவில்லை. தோன்ற வைத்தவள் குப்பம்மா. கடை வாசலில் கூடை வைத்து மீன் விற்கிறவள். காசிமேட்டில் விடியற்காலையில் ஏலம் எடுத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவாள். அவள் புருஷன் தண்டபாணி போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரு நாள் வெற்றிலை வாங்க வந்தவள் சொன்னாள்: "எங்க ஆளு இருந்தப்போ ஒரே தட்டுலதான்கா துன்னுவோம். நல்ல துண்டா பாத்து என் பக்கம் தள்ளி வுடும். இப்போ ஒண்டியா குந்திகினு துன்னா உள்ள எறங்க மாட்டேங்குதுக்கா."

சுகிர்தம் வெற்றிலையை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். குப்பம்மாவுக்காக அழ வேண்டியவள் தனக்காக அழுதாள். இவருக்கு எழுபத்திரண்டு, மூட்டு இரண்டும் போய்விட்டது. நாளைக்கு ஒருவர் போனால், மிஞ்சுகிறவருக்கு நினைத்து ஏங்கக்கூட ஒரு சாப்பாடு இல்லையே. ஒரே ஒரு வேளை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அதை வாய்விட்டு எப்படிக் கேட்பது? பேரன் எடுத்த வயதில் கேட்டால் சிரிக்க மாட்டார்களா? அதனால் மாத்தூரிலிருந்து ஷெர்லின் வந்தபோது வேறு மாதிரி கேட்டாள்.

"நானும் அப்பாவும் ரெண்டு நாள் எங்கயாவது ஊருக்குப் போயிட்டு வரணும்ட்டி."

ஷெர்லின் இதற்காகவே பிறந்தவள். முழங்கால் வலிக்கார மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய், படிக்கட்டுகளோடு ஜென்மப் பகை வளர்த்து வைத்திருந்தாள். புதுச்சேரிதான் சரி என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஏறி இறங்க வேண்டாம், ஊர் தட்டையாகக் கிடக்கிறது. ரயில் வேண்டாம், பிளாட்பாரம் மாறியே அப்பாவுக்கு உயிர் போய்விடும். வீட்டு வாசலில் கார். கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும். நடுவழியில் எந்த ஓட்டலில் உட்காருகிற கக்கூஸ் சுத்தமாக இருக்கும் என்பது வரை விசாரித்தாள். லாட்ஜுக்குப் போன் போட்டு, தரைத்தளத்து ரூமா, குளியலறையில் கைப்பிடி உண்டா என்று கேட்டதோடு விடவில்லை. கட்டில் தாழ்வாக இருந்தால் அப்பாவால் எழுந்திருக்க முடியாது என்று, போனை எடுத்தவனைக் கட்டில் பக்கத்தில் நிற்க வைத்து அவன் முழங்காலுக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்துச் சொல்ல வைத்தாள். அவன் என்ன நினைத்தானோ, பாவம்.

"ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம்தான்மா. மத்தியானம் படுத்துத் தூங்கணும். சாயங்காலம் பீச் ரோட்ல வண்டி விட மாட்டாங்க, வழியெல்லாம் உக்கார இடம் இருக்கும். காலையில டிபன் ரூமுக்கே வந்துரும். உங்களுக்கு ஏழரைக்கு, அப்பாவுக்கு ஒன்பதுக்கு. அவர் ரெஸ்ட் எடுக்கட்டும்."

சுகிர்தம் இடைமறித்தாள். "அங்க சாப்பிட மேசை கெடையாதா?"

"இருக்கு. வராண்டா கடைசியில. நடக்கணும்."

"நாங்க நடப்போம். ரூமுக்கு வேண்டாம்னு சொல்லிரு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல, மேசையில."

அம்மாவின் பிடிவாதம் மகளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் மாற்றினாள்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஞானம் திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினார். கடலைப் பார்க்கப் பாண்டிச்சேரிக்குப் போவானேன், நம் தெருமுனையில்தானே கிடக்கிறது என்று முதலில் கொஞ்சம் முனகினார். பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

"ஒண்ணு செய்யுங்க. முதல்ல அம்மாவும் நீயும் போயிட்டு வாங்க. அவ வந்த பொறவு நான் போயிட்டு வாரேன். கடையும் அடைக்க வேண்டாம்."

சொல்லிவிட்டு, பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்ட திருப்தியோடு தலையைத் திரைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். நல்ல மனதோடு சொன்னார், அதுதான் கொடுமை. மனைவி ஆசைப்பட்டாள், போகட்டும், முதலில் அவளே போகட்டும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார். சுகிர்தத்துக்கு அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லை. ஆனாலும் கோபம் வந்தது.

ஷெர்லின் கிளம்பிப் போனாள். மத்தியானம் சுகிர்தம் சாப்பிடவில்லை, அவரை மாற்றிவிடக் கல்லாவுக்கும் போகவில்லை. ஞானம் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் கடையை அப்படியே போட்டுவிட்டு, ஒரு கால் கடையிலும் ஒரு கால் வீட்டிலுமாக வந்து நின்றார்.

"என்னட்டி, மேலுக்கு முடியலையா?"

"எனக்குப் பாண்டிச்சேரியும் வேண்டாம், ஒரு ஊரும் வேண்டாம்" என்றாள் சுகிர்தம். "உங்க கூட உக்காந்து ஒரு நேரம் சாப்பிடணும். அதுக்குத்தான் ஊருக்குப் போவோம்னு சொன்னேன். நீங்க அதுலயும் ஆளுக்கொரு மொறை வைக்கீங்க."

ஞானம் இன்னொரு காலையும் உள்ளே எடுத்து வைத்தார். "இதுக்கு எதுக்குப் பாண்டிச்சேரி? இப்பவே சாப்பிடுவோம். போடு."

இரண்டு தட்டு வைத்தாள். அவர் ஸ்டூலில், அவள் எதிரே அரிசி டின் மேல். அவர் சோற்றில் கையை வைத்ததும் வெளியே குரல் கேட்டது: "அண்ணாச்சி, ஒரு ஷாம்பு." எழுந்து போனார். வந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, அரை லிட்டர் எண்ணெய்." இந்த முறை, அவர் சாப்பிடட்டும் என்று தானாகவே எழுந்து ஓடியவள் சுகிர்தம். எண்ணெயை ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் தான் செய்தது உறைத்தது. திரும்பி வந்து பார்த்தால் அவர் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"போய்த்தான் ஆகணும் போல" என்றார்.

கடை அடைப்பது லேசான காரியமில்லை. அந்தத் தெருவில், கல்யாணம் காட்சி இல்லாமல் ஞானத்தின் ஷட்டர் பகலில் முழுதாக இறங்கினால் அது சாவுக்குத்தான். அவர் அம்மா இறந்தபோது ஒரு தடவை, அண்ணன் இறந்தபோது ஒரு தடவை. ஆகவே ஒரு அட்டையில் அவரே கொட்டை எழுத்தில் எழுதினார்: "வியாழன், வெள்ளி, சனி கடை கிடையாது. துக்கம் எதுவும் இல்லை."

வாடிக்கைக்காரர் ஒருவர் அதைப் படித்துக் காட்டியதும் குப்பம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல வேல செஞ்ச அண்ணாச்சி. இல்லாங்காட்டி மாலையோட வந்திருப்பேன். சரி, எங்க போறீங்கோ?"

"பாண்டிச்சேரி."

"இன்னா பாக்கப் போறீங்கோ?"

ஞானம் பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார், "சாப்பிடப் போறோம்." குப்பம்மா சுகிர்தத்தைத் திரும்பிப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று சுகிர்தம் எதிர்பார்த்தாள். அவளோ, பையை எடுத்துக்கொண்டு போகும்போது, "மெதுவா துன்னுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஷெர்லின் போட்ட திட்டத்தில் ஒரு பழுதும் இல்லை. கார் நேரத்துக்கு வந்தது, கட்டில் சரியான உயரத்தில் இருந்தது. முதல் நாள் பயணக் களைப்பில் ஞானம் ரொட்டியும் பாலும் போதும் என்று படுத்துவிட்டார். போகட்டும், காலை இருக்கிறது என்று சுகிர்தம் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

காலையில் குளித்து, ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வராண்டா கடைசி வரை நடந்தார்கள். அங்கே சாப்பாட்டு அறை; ஜன்னலோரம் சின்ன மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. இட்லி வந்தது. அவள் முதல் விள்ளலைப் பிட்டு, சட்னியில் தொட்டு, அவர் முகத்தைப் பார்க்க நிமிர்ந்தாள். அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் இரண்டாவது விள்ளலை வாயில் வைப்பதற்குள் அவருடைய மூன்று இட்லியும் காலி. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார்.

"நீ சாப்பிடு. நான் போயி..."

எங்கே போவது? கல்லா இல்லை, திரை இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வழி தெரியாதவர்போல அந்த அறையைச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

இவ்வளவு தூரம் வந்தும் இப்படித்தானா என்று இருந்தது சுகிர்தத்துக்கு. "ஏன் இப்படி அள்ளிப் போட்டுக்கிடுதீங்க? யாரு தொரத்துதா?"

"தொரத்தலை." அவர் தன் காலித் தட்டை அப்போதுதான் பார்த்தார். "நீ அங்கன பசியோட உக்காந்திருப்பேல்லா. சீக்கிரம் முடிச்சா நீ சாப்பிட வருவேன்னு... அப்படியே பழகிட்டு."

சுகிர்தம் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தாள். மத்தியானங்களில் மென்றும் மெல்லாமலும் அவள் விழுங்கிய சோறெல்லாம் ஞாபகம் வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவர் பசியோடு இருக்கிறாரே என்றுதான் அவளும் விழுங்கினாள். அதை அவரிடம் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

பரிமாறுகிற பையன் வந்தபோது, "ஒரு இட்லி வைப்பா" என்றார். "சட்னியும்."

அவருக்குப் பசி இல்லை என்று அவளுக்குத் தெரியும். குழந்தைக்கு ஊட்டுகிற அளவுக்குச் சின்னச் சின்னதாகப் பிட்டு, அவள் ஒரு வாய் வைத்தால் தானும் ஒரு வாய் வைத்தார். நடுவில், சட்னியில் கிடந்த கறிவேப்பிலையை மோதிர விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். அந்தக் கறிவேப்பிலையை அவள் எத்தனை தட்டில் பார்த்திருக்கிறாள். தள்ளுகிற விரலை இன்றைக்குத்தான் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது; அதை அவர் பார்க்கட்டும் என்று துடைக்காமல் விட்டாள்.

"சட்னியில உப்பு கம்மி" என்றார் ஞானம்.

"ஆமா" என்றாள் சுகிர்தம். "பொட்டுக்கடலையும் கூடிப்போச்சு."

அந்தச் சட்னியைப் பற்றி அவர்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.