செம்புக்குள் மேஸ்திரி

...கையை விட்டால் கடிப்பானா மாட்டானா, கடித்தால்தான் என்ன, இரண்டு விரற்கடை நீளம், பல் இருக்கிறதா என்பதே சந்தேகம், இருந்தும் என் கை தண்ணீருக்கு ஒரு சாண் மேலேயே நிற்கிறது, இருபத்திரண்டு வருஷமாக எருமைத் தோலைப் புரட்டித் தரம் பிரித்த கை, விசாரம் ஊர்த் தோல் கிடங்கில் சுப்பராயன் ஒதுக்கினால் ஒதுக்கினதுதான் என்று பேர் வாங்கின கை, ஒரு மீனுக்குப் பயந்து நிற்கிறது... அடுப்பங்கரையிலிருந்து என் வீட்டுக்காரி கெங்கம்மாள் பார்த்துவிட்டாள், இனி ஒரு வாரத்துக்கு எனக்கு மானம் கிடையாது. "இன்னா, மீனுக்கு ஆசீர்வாதம் பண்றீங்களா? மூணு மணிக்குத் திமிரிக்காரங்க வந்துடுவாங்க, மொதல்ல மொகத்தை மழிச்சிட்டு வாங்க." திமிரிக்காரர்கள், திமிரி ஊர் மாப்பிள்ளை வீட்டார். என் மகள் தேவகிக்கும் அவர்கள் வீட்டு இரண்டாம் பையனுக்கும் இன்றைக்குத் தாம்பூலம் மாற்றப் போகிறோம், மாற்றிவிட்டால் அப்புறம் பேச்சு மாறக்கூடாது, அந்த நினைப்பு வந்ததும் மீனுக்குத்தான் பயப்படுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், மீன் என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது.

இந்தக் கண்ணாடித் தொட்டி எங்கள் முதலாளி சர்தார் பாஷா சாயபு பங்களாவில் இருந்தது, ஒழுகுகிறது என்று தூக்கிப் போட்டார், மீனோடு எனக்கு வந்து சேர்ந்தது, தாரை உருக்கி ஓட்டையை அடைத்துவிட்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். மூன்று தங்கமீன், பாலாற்றில் பிடித்த நாலு கெண்டைக்குஞ்சு, அப்புறம் இவன், நீலமும் சிவப்புமாகப் பட்டை போட்டவன், சீமையிலிருந்து கப்பலில் வந்தவனாம், துடுப்பை விரித்துக்கொண்டு அவன் திரும்புகிற திரும்பலைப் பார்த்துத் தேவகிதான் மேஸ்திரி என்று பேர் வைத்தாள். மேஸ்திரிக்கு எல்லோரும் அடக்கம், தொட்டியில் ஒரு பேஜாரும் இல்லை, போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். அன்றைக்குத்தான் கிடங்கில் என்னோடு தோல் பிரிக்கிற நயீம் அகமது மெட்ராஸிலிருந்து ஒரு வெள்ளைத் தங்கமீன் வாங்கிவந்து கொடுத்தார், வெள்ளைச்சி, கூடவே புத்தியும் சொன்னார். "தோஸ்த், புதுசை அப்படியே விட்டுடாதே. பழசை ஒரு நாள் வெளிய எடுத்து வை, கல்லு செடியெல்லாம் எடம் மாத்து, அப்புறம் ரெண்டையும் சேத்து விடு. அப்பத்தான் எல்லாருக்கும் புது ஊரு." நான் இன்னா சொன்னேன்? ஊறட்டும் பாய், நாலு நாள் ஊறினா எல்லாம் சரியாய்டும் என்றேன். எதற்கும் எங்களுக்கு இதுதான் பதில், விறைத்த தோலா, சுண்ணாம்புக் குழியில் ஊறட்டும், மொரட்டுத் தோலா, ஆவாரம்பட்டைத் தண்ணியில் ஊறட்டும், ஊறி வளையாத தோலை நான் பார்த்ததில்லை... தோலுக்கு உயிர் கிடையாது என்பது மட்டும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஐந்து நாள் ஊறியாயிற்று. வெள்ளைச்சியின் வால் நார் நாராகக் கிழிந்திருக்கிறது, ஒரு பக்கம் செதில் இல்லை, தொட்டியின் ஒரு மூலையில், தண்ணீரின் மேல்மட்டத்தில், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கிறாள். சோற்றுப் பருக்கை போட்டால் வருவதில்லை, மேஸ்திரி சும்மா ஒரு திரும்பு திரும்பினாலே போதும், கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறாள். "நைனா, அது இன்னிக்கும் சாப்பிடல" என்று காலையில் தேவகி சொன்னாள், குரலில் குற்றம் இல்லை, அதுதான் கஷ்டம். புது ஜாக்கெட்டு, கண்ணில் மை, பதினேழு வயசு, அவளும் பருக்கையைப் போட்டுவிட்டு நின்றுகொண்டேயிருந்தாள், அவள் சாப்பிட்டாளா? கேட்டேனா? கேட்கவில்லை, கேட்டால் அவள் வேறெதையாவது கேட்டுவிடுவாளோ என்று நழுவிவிட்டேன், பெண்ணுக்கும் பயம், மீனுக்கும் பயம், நல்ல ஆம்பிளை.

திமிரிக்கு நான் போன அன்றைக்கு அந்த வீட்டு மூத்த மருமகள் அமிர்தவள்ளி தண்ணீர் கொண்டுவந்தாள், செம்பை நீட்டினபோது முழங்கைக்குக் கீழே மூன்று தழும்பு, பக்கத்தில் பக்கத்தில், கோடு போட்ட மாதிரி. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். "கஞ்சி வடிச்சப்போ" என்றாள், நான் கேட்காமலே. கஞ்சி வழிந்தால் பரவும், ஒழுங்காக மூன்று கோடு போடாது, முள் கிழித்த தோல் எது, சூடு போட்ட தோல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லுவேன், சூடு போட்டதை யோசிக்காமல் மூன்றாம் தரத்தில் தள்ளுவேன்... அன்றைக்கு என்ன பண்ணினேன், வெற்றிலை போட்டேன், பாக்கு நல்லாருக்கு என்றேன். இரண்டு வருஷமாக வரன் அமையாத அப்பன், நாலு ஏக்கர் நஞ்சை, சீர் கேட்காத மனுஷர்கள், நல்ல இடம், எந்த வீட்டில்தான் மாமியார் கொஞ்சம் கம்மி ஜாஸ்தி இல்லை, தேவகி சமாளிப்பாள், போய் நாலு நாள் ஊறினால்... சீ.

பித்தளைச் செம்பை முக்கினேன். மேஸ்திரி முதலில் துடுப்பை விரித்து என்னையே முறைத்தான், நான் கையை இழுத்துக்கொண்டேன், மறுபடி விட்டேன், விரலில் ஒரு முட்டு முட்டினான், எனக்கு உயிரே போய்விட்டது, ஆனால் முட்டின வேகத்தில் செம்புக்குள்ளேயே போய்விட்டான். தூக்கிவிட்டேன். முடிந்தது, இவ்வளவுதான், இதற்கா ஐந்து நாள். கல்லையும் செடியையும் இடம் மாற்றினேன், ஒரு பிடி பருக்கை போட்டேன், தங்கமீன்கள் வந்தன, கெண்டைக்குஞ்சுகள் வந்தன, தொட்டி முழுக்க இடம் கிடக்கிறது, வா வெள்ளைச்சி, அவன் இல்லை, பார், செம்பில் இருக்கிறான்... அவள் வரவில்லை. அதே மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், அவன் எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று பார்க்கிற மாதிரி.

அமிர்தவள்ளியும் அப்படித்தான் நின்றாள், நெல் குதிருக்குப் பின்னால், சுவரோடு. உட்காரேம்மா என்று நான் இரண்டு தரம் சொன்னேன், உட்காரவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை ஏன் நான் இத்தனை நாள் நினைக்கவில்லை? அன்றைக்கு மாமியார் வீட்டில் இல்லை. ஆற்காட்டுக்குப் போயிருந்தாள், பொழுது சாய்ந்துதான் வருவாள் என்று அமிர்தவள்ளியே சொன்னாளே.

தெருமுனையில் ஜட்கா மணி கேட்கிறது, மூன்று இன்னும் ஆகவில்லை, சீக்கிரமே வந்துவிட்டார்கள், என் முகத்தில் இன்னும் மழிக்காத தாடி. உள்ளே தேவகியின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. "இன்னாங்க, அந்தச் செம்பை இப்படிக் குடுங்க, வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கணும்" என்று கெங்கம்மாள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். செம்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நானும் நிற்கிறேன், உள்ளேயிருந்து அவன் முட்டுகிறான், மறுபடி முட்டுகிறான், கையை எடுத்தால் தாம்பூலத் தட்டுக்குத்தான் நீட்ட வேண்டும், எடுக்கத் தோன்றவில்லை.