பச்சையாய் ஏறும் பங்கு

…இனி சிங்கப்பூர், பேங்காக், ஜகார்த்தா பங்குகளையும் இங்கிருந்தே வாங்கலாம் என்று காலையில் முதலீட்டுச் செயலி சொன்னபோதே சரளா அதைத் தள்ளிவிட்டிருக்க வேண்டும், தள்ளவில்லை, ஜகார்த்தா என்று கண்ணில் பட்டதும் விரல் தானாக அந்தக் கம்பெனியின் பெயரை எழுதிவிட்டது, அவள் கணவன் மகேந்திரன் பதினாறு வருஷம் உழைத்த கையுறைத் தொழிற்சாலை, மலேசியாவில், இங்கே ஈப்போவில் கதவைச் சாத்திவிட்டு இந்தோனேசியாவின் மேடானுக்குக் கப்பலேறிவிட்ட தொழிற்சாலை… சும்மா, இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருந்தது. விலை பச்சையாய் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது சுங்கை சிப்புட் ஊரின் டோபிக் கடையில், சலவை இயந்திரத்தில் துணி சுற்றி முடிப்பதற்காக உட்கார்ந்திருக்கிறாள், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் பங்கை வாங்கியும் விட்டாள், எதைக் கொண்டு, வேலையைவிட்டு அனுப்பும்போது அவனுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? ஒன்றும் சொல்லமாட்டான். அதுதான் அவளுக்கு ஆகாது. இயந்திரங்களைக் கழற்றிய கடைசி வாரம்கூட ஒவ்வொரு திருகாணியையும் துடைத்து, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எது எங்கே பொருந்தும் என்று மலாயில் எழுதி ஒட்டினான். உங்களை வெளியே தள்ளுறவனுக்கு எதுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யிறீங்க என்று கத்தினாள். அங்க மாட்டுறவன் கஷ்டப்படுவான்லா, அவ்வளவுதான் அவன் பதில்… அந்தத் திருகாணிகள்தான் இப்போது ஏறுகின்றனவா, அப்படியென்றால் அதில் கொஞ்சம் நமக்கு வந்தால் என்ன, நியாயம்தானே, நியாயமா? மறுபடி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. கம்பெனி நாசமாய்ப் போகவேண்டும் என்று மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டவளும் அவள்தான், அம்மன் இனி எதைக் கேட்பாள், அன்றைக்குச் சொன்னதையா, இன்றைக்கு வேண்டுவதையா…

வெளியே காய்கறி லாரி நின்றது, இப்போது மகேந்திரன் ஓட்டுவது, கோப்பெங்கில் சரக்கை இறக்கிவிட்டு வருகிறான். கையில் மீ கோரேங், வறுத்த நூடுல்ஸ் பொட்டலம். போனைக் கவிழ்த்து வைத்தாள். எதற்குக் கவிழ்த்தாள், அவன் எட்டிப் பார்க்கிறவனே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தவன் முகத்தில் பல மாதமாய்க் காணாத ஒரு மலர்ச்சி.

"மேடான்லருந்து ரிசால் போன் பண்ணான். இங்க பாக்டரிக்குப் பயிற்சிக்கு வந்தானே, நம்ம வீட்டுலகூட சாப்பிட்டானே, அவன்தான்."

"என்னவாம்?"

"நாளைக்கு காலையில யாரும் உள்ள போகமாட்டாங்களாம். ஓவர்டைம் சம்பளம் ஒழுங்கா கொடுக்கிறதில்லையாம். வெளியில யாருக்கும் தெரியாது, நீ பேசிறாத. போடட்டும்லா ஸ்ட்ரைக்கு, நாம விட்டத அவனுங்களாவது வாங்கட்டும்."

"எத்தனை நாளைக்கு?"

சட்டென்று கேட்டுவிட்டாள், குரல் கூர்மையாய் வந்தது, அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "ஏன் சரளா?"

"சும்மாதான்."

அவன் மறுபடி குனிந்து சாப்பிட்டான், ரிசாலுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தான், அவள் ம் கொட்டினாள், பாதிதான் காதில் விழுந்தது. ஈப்போவில் மூன்று நாள் இவனும் மற்றவர்களும் வேலைநிறுத்தம் செய்து தொழிற்சாலை கேட்டருகே வெயிலில் நின்றபோது சோறு கட்டிக்கொண்டு போனவள், விட்டுக்கொடுக்காதீங்க என்று தொண்டை கிழியக் கத்தியவள், அந்த மேடான் தொழிலாளிகளுக்கு என்ன ஆகும் என்றல்லவா இப்போது முதலில் கேட்டிருக்க வேண்டும், பிள்ளை பிறந்த வீட்டில் நாளைக்கு அடுப்பு எரியுமா என்று… பங்குச் சந்தை மூட இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது, விலை விழுவதற்குள் விற்றுவிட முடியுமா என்பதுதான் முதலில் வந்தது. போன் தொடைக்கு அடியில் சூடாக இருந்தது. இவன் எப்போது எழுந்து போவான் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.